பழைய புரோகிராம்

“பழைய புரோகிராமே இருக்கட்டுங்க சார்,” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ராஜமேரி.

“எடைச்சீட்டு அடிக்கவே அரைமணி நேரம் இழுக்குதே! புதுசுல உடனே வந்துரும். கத்துக்கச் சோம்பலா?” சேலத்து இன்ஜினியர் சிரித்தார்.

“ஆமாங்க, சோம்பலுதான்.”

மாம்பழக்கூழ் ஆலை முதலாளி அவளைக் கண்டுகொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் பழையதை அழித்துப் புதியதை ஏற்றிவிட்டார்கள்.

பாப்பாரப்பட்டி லாரி வந்தது. எடை போட்டதுமே பிரிண்டர் சீட்டைத் துப்பியது. ராஜமேரி அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சீட்டு வந்த பிறகுதான் சுமைக்காரப் பெண்கள் பழக்கூடைகளை இறக்க வேண்டும். அதுவரைக்கும் லாரி நிழலில் கட்டையைச் சாய்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி, ராஜமேரியின் அம்மா சாலம்மாள், தலையைத் தூக்கினாள்.

“சீட்டு வந்திருச்சாடி?”

“இன்னும் இல்லம்மா. கம்ப்யூட்டரு மெதுவாத்தான் ஓடுது. நீ படு.”

ராஜமேரி சீட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.