கைப்பட்டைக்கும் பூஜை

மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று அளந்துகொண்டிருந்த மீட்டரை, நூற்பாலைக்காரர்கள் பட்டையாகச் செய்து ஆட்களின் கையிலும் பூட்டிவிட்டார்கள். கை சற்று ஓய்ந்தால் போதும், விர்ரென்று அதிரும். அங்கே வேலை பார்க்கும் சிந்துஜா வீட்டில் படுத்திருந்தாலும் விடாது. மூன்று வயது மகள் இதழினி அம்மா கையில் தலை வைத்தால் திடுக்கிட்டு எழுந்துவிடுவாள். கடைசியில் தலையணையே போதும் என்று பிள்ளை பழகிக்கொண்டது.

ஆயுத பூஜையன்று, நிறுத்தி வைத்த மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்த ஃபோர்மேன் சென்னியப்பன் சிந்துஜாவின் முன்னால் நின்றார்.

"கையை நீட்டு கண்ணு."

பட்டைக்கும் பொட்டு வைத்தார். பிறகு சாவி போட்டு அதைக் கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர்களோடு வைத்தார். ஒவ்வொருவர் பட்டையும் அங்கே போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் பதறியடித்து ஓடிவந்தார். "என்னங்க இது? இன்னைக்கு அளவு எடுக்க என்ன பண்றது?"

"இதுவும் ஆயுதந்தானுங்க சார். சாமிகிட்ட வெச்சதை நாளைக்கு மறுபூஜை போடாம எடுக்கலாங்களா?"

மேனேஜர் சாமி படத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டு, பட்டை பூட்டிய தன் மணிக்கட்டையும் நீட்டினார்.

அன்று மத்தியானம் வீட்டில், பொரி தின்ற வாயோடு இதழினி அம்மா கையில் சாய்ந்தாள். எப்போது அதிருமோ என்று காத்திருந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். இருட்டும்வரை சிந்துஜா அசையவில்லை. கை மரத்தே போய்விட்டது. சென்னியப்பன் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும்போல இருந்தது. அதற்கு இரண்டு கையும் வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.