தாளில் சுற்றிய உப்பு

நாடுகள் கூடி அமைத்த பொதுச்சந்தையில் பதினோராவது நாடு சேர்ந்ததும் முள்ளக்காட்டு உப்பளங்களுக்கு ஓய்வு அறிவித்தார்கள். உப்பு இனிமேல் அந்த நாட்டிலிருந்து கப்பலில் வரும். பாத்தியில் உப்பு விளைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது மாரிக்கனியின் வேலை. இருபது வருடம் உப்பு வாரிய அதே பலகையால் கடல்நீரை வெளியே தள்ளுகிறாள். சம்பளம் முன்பைவிடக் கூடுதல். அதுதான் இன்னும் கூசுகிறது.

நாளை மகள் புதுவீட்டில் பால் காய்ச்சுகிறாள். முதலில் உப்புதான் வீட்டுக்குள் போகவேண்டும். வேலை பார்க்கும் பாத்தியிலிருந்து அள்ளி வருவதுதான் வழக்கம். அந்த ஊரில் யாரும் உப்பைக் கடையில் வாங்கி அவள் பார்த்ததில்லை.

கடையில் கூட்டம் குறையும்வரை சீரகம், மிளகு என்று ஏதேதோ வாங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணாச்சி, ஒரு கிலோ உப்பு. வெளிய தெரியாம பேப்பர்ல சுத்தித் தாங்க.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அது ஏற்கெனவே தாளில் சுற்றியிருந்தது.

“ஊருக்கே இப்படித்தான் சுத்தி வச்சிருக்கேன், தாயி.”