இருபத்திரண்டு இருக்கை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு மூரம்பி பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்: ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ஆட்கள் ஆறு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினொன்று, ஆபீஸ்காரர்கள் ஒன்பது, கட்டட வேலைக்காரர்கள் நாலு, கண் டாக்டரிடம் போகும் கிழவர் கிளைவ் ஒருவர். ஆக, பயணிகள் முப்பத்தொன்று.

பயணம் போகாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஐரிஸ், ரயில் நிலையக் கோரிக்கைக் குழுவின் செயலாளர்; சலவைக்கூடத்து வேலைக்கு இன்று லீவு போட்டிருந்தாள். இன்னொருவர் மெல்போர்னிலிருந்து வந்திருந்த ரயில்வே அதிகாரி கிரஹாம்.

ஒன்பது வருஷமாக ஐரிஸ் மனு போடுகிறாள். மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் இல்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அப்போது ஏழு மணி ரயில் ஊரைக் கிழித்துக்கொண்டு போனது. நிற்கவில்லை.

"பாத்தீங்களா? தினமும் டாட்டா காட்டிட்டுப் போகுது. நாங்க இருபது கிலோமீட்டர் பஸ்ல போய், கால்டன் ஸ்டேஷன்ல இதுமாதிரி ஒண்ணப் பிடிக்கணும்" என்றாள் ஐரிஸ்.

அதிகாரி வரிசையில் நின்றவர்களை எண்ணினார்.

பஸ் வந்தது. ஓட்டுநர் ரோண்டா இறங்கிக் கதவருகே நின்றாள். இந்த வேலைக்கு வந்து நாலு மாதம். அதற்குள் ஊரில் அவளுக்கு நல்ல பெயர் சொல்ல ஆள் இல்லை.

"பிள்ளைங்க முதல்ல. அப்புறம் வரிசைப்படி. தள்ளாதீங்க."

இருபத்திரண்டாவது ஆள் ஏறியதும் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"அவ்வளவுதான்."

"ரோண்டா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடும்மா. அதிகாரி வந்திருக்கார்" என்று ஐரிஸ் கிசுகிசுத்தாள். "நின்னுட்டாவது வரட்டுமே."

"இருபத்திரண்டு இருக்கை, இருபத்திரண்டு பெல்ட்டு. நின்னுட்டு வர்றதுக்கு சட்டத்துல இடம் கிடையாது."

"முன்னாடி ஓட்டின கெவின் முப்பத்தஞ்சு பேரக்கூட ஏத்திக்குவான்!"

"அது பஸ் இல்ல, ஊறுகாய் ஜாடி."

"நான் யார் மடியிலயாவது உக்காந்துக்கறேன்" என்றார் கிளைவ்.

"உங்களத் தாங்குற மடி இந்த ஊர்ல இல்ல, கிளைவ். எட்டேகால் பஸ்ல வாங்க."

ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். கதவு மூடியது. ஒன்பது பேர் தெருவிலேயே நின்றார்கள்.

"இந்த ஊர்ல ரயில் நிக்கறதுக்குள்ள என் கண்ணு ரெண்டும் போயிடும்" என்று கிளைவ் புலம்பிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஐரிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வந்த விருந்தாளி முன்னால் ஊர் மானமே போன மாதிரி இருந்தது. தான் செய்து கொண்டுவந்த லாமிங்டன் கேக் டப்பாவை அதிகாரியிடம் நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க. எங்க ஊர்க்காரங்க எல்லாரும் இப்படி இல்ல. இவ ஒருத்திதான் கல்நெஞ்சுக்காரி. இந்த மாசத்துல மட்டும் என்னையே மூணு நாள் விட்டுட்டுப் போயிட்டா. சலவைக்கூடத்துல மேலதிகாரி மூஞ்சில முழிக்க முடியல."

ஒரு கேக்கைக் கடித்தபடி அதிகாரி கேட்டார்: "எனக்குக் குடுக்க ஏதோ வச்சிருக்கீங்களாமே?"

ஐரிஸ் இரண்டு காகிதக் கட்டுகளை எடுத்தாள். "இது ஸ்டேஷன் மனு. அறுநூத்திப் பதினேழு கையெழுத்து. இது ரோண்டாவை மாத்தச் சொல்லி புகார். எழுபத்திரண்டு கையெழுத்து. ரெண்டும் நானே எண்ணினது."

அவர் பெரிய கட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. புகாரை மட்டும் வரி விடாமல் படித்தார்.

"'தினமும் எட்டிலிருந்து பதினோரு பேர் வரை விட்டுவிட்டுப் போகிறாள்.' இது உண்மையா?"

"சத்தியமா!"

"நல்லதாப் போச்சு. இத நான் வச்சுக்கட்டுமா?"

"அவளை மாத்திடுவீங்கதானே?"

அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஐரிஸ், கையெழுத்து எல்லா ஊருமே அனுப்புது. நாங்க பாக்கறது பஸ் கணக்கு. கெவின் ஓட்டின பத்து வருஷமும் உங்க ஊர்க் கணக்குல 'இடமில்லாமல் விடுபட்டவர்கள்: பூஜ்யம்'. இருக்கற பஸ்ஸே போதும்னு மூணு தடவையும் மனுவைத் திருப்பி அனுப்பினோம்."

ஐரிஸ் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி மூடினாள்.

"கெவின் நல்ல மனுஷனாச்சே..."

"ரொம்ப நல்லவர். அதான் உங்களுக்கு ஸ்டேஷன் வரல." அவர் கைப்பையைத் திறந்தார். "விடுபட்டவங்களைக் குறிக்க ஒரு தாள் இருக்குங்கறதே எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ரோண்டா வேலைக்குச் சேர்ந்த மறுநாளே போன் பண்ணி அதைக் கேட்டு வாங்கினாங்க. நாலு மாசமா ஒரு நாள் விடாம அனுப்பறாங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் வந்தேன்."

"அப்போ ஸ்டேஷன்..."

"நான் சிபாரிசு பண்ணப் போறேன்."

பெஞ்சைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். கிளைவ் விசிலடித்தார். ஐரிஸ் மட்டும் தட்டவில்லை.

"ஸ்டேஷன் வந்துட்டா இந்த பஸ்?"

"நிறுத்திடுவாங்க."

"ரோண்டா வேலை?"

"பஸ்ஸோட போகும்."

"ஐயோ, அது அவளுக்குத் தெரியுமா?"

அதிகாரி கைப்பைக்குள் கை விட்டார். ரோண்டா அனுப்பிய முதல் தாளை எடுத்து ஐரிஸ் கையில் கொடுத்தார். விடுபட்டவர்கள் என்ற கட்டத்தில் பதினொன்று என்று இருந்தது. அதன் கீழே, குறிப்பு என்ற இடத்தில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது:

"ஸ்டேஷன் கட்டிக் கொடுத்தால் இவர்கள் எல்லோரும் ரயிலில் போய்விடுவார்கள். என்னையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டேன். விடுபடுபவர்: நான் ஒருத்தி."