மயில் கேட்டு வாங்கிய சட்டம்

தோப்போரத்துக் குட்டிச்சுவரில் மாலையானால் எல்லாப் பிராணிகளும் கூடி, வாய்க்கு வந்ததைப் பேசும். "இங்கே யாரும் எதையும் பேசலாம்" என்று அதிகம் முழங்கியது மயில்தான். ஒருநாள் அது தோகை விரித்து ஆடி முடித்ததும் அணில் சொன்னது: "ஆட்டம் அருமை அண்ணே. கால் மட்டும் யாரோ சுள்ளி பொறுக்கி ஒட்டவைத்த மாதிரி இருக்கு."

கூட்டமே சிரித்தது. மயிலுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. நேராக நாட்டாமைக் கழுதையிடம் ஓடியது.

"ஐயா, மனம் புண்படப் பேசுகிற வாய் மழைக்காலம் முடியும்வரை திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள்."

"போட்டாச்சு" என்றது கழுதை. "அப்படி என்னதான் பேசினார்கள்?"

மயில் வெட்கத்தோடு முணுமுணுத்தது.

"காதில் விழவில்லை, உரக்கச் சொல்."

"மயிலின் கால் வெறும் சுள்ளி!" என்று ஆத்திரத்தில் அகவிவிட்டது மயில். ஆட்டம் பார்க்க வராதவர்கள்கூட அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சே, எவ்வளவு மட்டமான பேச்சு!" என்றது கழுதை. "நான் கேட்டது உன் வாயிலிருந்துதான். மூடு வாயை."

அணில் பதறி ஓடிவந்தது. "ஐயா, அண்ணனை விட்டுவிடுங்கள். பதிலுக்கு அவர் என் வாலை நாலு வார்த்தை கிண்டல் பண்ணட்டும், சரியாகிவிடும்."

கழுதை மசியவில்லை.

அந்த வாலைப் பற்றி அற்புதமான பதில் ஒன்று மயிலின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, தன் முட்டாள்தனத்தை நினைத்துச் சத்தமில்லாமல் சிரித்தது.