கணபதியப்பனின் சந்தேகம்

“சாரே, எனக்கொரு சந்தேகம்.”

கணபதியப்பன் எழுந்து நின்றார். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

நாகர்கோவில் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அங்கே ஆபீஸ் விட்ட பிறகு நடந்த இங்கிலீஷ் வகுப்பு அது. எல்லாரும் வெவ்வேறு ஆபீஸ் குமாஸ்தாக்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் வைக்கும் சர்க்கார் பரீட்சையில் தேறினால்தான் சம்பளம் ஏறும். மாஸ்டர் ஏசுஅடிமை ஒரு இங்கிலீஷ் பத்தியைக் கொடுப்பார். எழுதியவர் என்ன சொல்கிறார், அதற்குக் காட்டும் காரணம் நிற்குமா, எந்த வார்த்தை சும்மா மிரட்டுவதற்கு என்று பிரித்து மேய வேண்டும்.

அன்றைய பத்தி காப்பியைத் திட்டியது. ‘என் தாத்தா காப்பியைத் தொட்டதே இல்லை. காலையில் கஞ்சிதான் குடிப்பார். தொண்ணூறு வயது வரை இருந்தார். ஆகவே காப்பி ஆயுளைக் குறைக்கும்.’

கணபதியப்பன் கேட்டார்: “தாத்தா அம்புட்டு காலம் இருந்தது கஞ்சியாலயா, இல்ல அந்தக் கஞ்சியை வச்சுக் குடுத்த பாட்டியாலயா?”

“பாட்டிக்கு இங்க என்ன வேய் வேலை?” மாஸ்டர் மேஜையைத் தட்டினார். “விஷயம் காப்பியாக்கும்!”

“பாட்டியை விட்டுட்டுக் கணக்குப் பாத்தா சரியா வருமா சாரே?”

அவ்வளவுதான், இருவரும் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் பேசும்போது எழுந்து போனால் மரியாதையாக இருக்காது. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வகுப்பு கலைந்தது.

குலசேகரன் மட்டும் பின்தங்கினான்.

“சாரே, எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுகேன். கணபதியப்பன் அண்ணாச்சியை நிறுத்திரணும். தினமும் கடைசியில எழும்பி ஒரு சந்தேகம்! எனக்குப் பூதப்பாண்டி பஸ் போயிருது.”

“கேக்கதுல என்ன தப்பு?”

“மண்டையில ஏறேல்ல, அதான் கேக்காரு. இந்த ஜென்மத்துல அவரு பாஸாகப் போறதில்ல. நாங்க ஏன் கூடக் கெடந்து சாகணும்?”

மாஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இதையும் ஒரு பத்தியா வச்சுக்கிடுவோம். நீர் என்ன சொல்லுகீரு?”

“அவரு மண்டுன்னு சொல்லுகேன்.”

“காரணம்?”

“தினமும் சந்தேகம் கேக்காரு.”

“சந்தேகம் கேக்கதுக்கு வேற காரணமே இருக்காதா?”

குலசேகரன் யோசித்தான். “வீட்டுக்குப் போனா பெஞ்சாதி தொல்லையா இருக்கும்.”

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குலசேகரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாஸ்டரின் மனைவி ஞானபாய் இறந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை.

“வகுப்புக்கு ஒரு பத்தி எடுத்தா முதல்ல அவகிட்டத்தான் வாசிச்சுக் காட்டுவேன்,” என்றார் மாஸ்டர். “ஒண்ணையும் சும்மா விடமாட்டா. சோறு ஆறிப் போகும், எங்க வழக்கு தீராது. இப்போ இங்கேருந்து போய்ப் பூட்டைத் திறந்தா, விடியுற வரை நான் வாய் திறக்கவே வேண்டாம்.”

“கஷ்டந்தான் சாரே. ஆனா அதுக்கும் அண்ணாச்சிக்கும் என்ன சம்பந்தம்?”

“அடக்கத்தன்னைக்கு இதைத்தான் அவருகிட்டச் சொல்லி அழுதேன். பிறகு வகுப்பு திறந்தன்னைக்கு எழும்பி நின்னாரு, ‘சாரே, எனக்கொரு சந்தேகம்’னு. அதுக்கு முன்னால அவரு ஒரு சந்தேகமும் கேட்டதில்ல.”

குலசேகரன் கணபதியப்பன் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

“நாளையிலேருந்து நீங்கள்லாம் நேரத்துக்குப் பஸ்ஸைப் பிடிச்சுப் போங்க. நாங்க ரெண்டுபேரும் இருந்துக்கிடுகோம்.”

“சரி சாரே. ஆனா இப்படிப் பேசிப் பேசியே அவரு பரீட்சையைக் கோட்டை விட்டுராம இருக்கணும்.”

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“அவரு போன வருஷமே பாஸாயிட்டாரு வேய். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. சொல்லிராதீரும், பிறகு வரமாட்டாரு.”