பின்பக்கம் சுற்றிய வட்டு

“குப்பம்மாவ இன்னியோட நிறுத்திடுங்க சார். அவ போனா அவனும் கூடவே போயிடுவான்” என்று மானேஜரிடம் சொன்னார் பரசுராமன் மேஸ்திரி.

அவன் என்றது குப்பம்மாவின் புருஷன் வேலப்பனை. அவன் செத்து ஆறு மாதமாகிறது.

திருவொற்றியூர்க் கயிற்று ஆலையில் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆரம்பித்தது இந்த வினை. கரன்ட் மீட்டருக்குள் சுற்றும் வட்டு திடீரென்று எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. மெஷின்கள் ஓட ஓட, நம்பர் இறங்கிக்கொண்டே போனது.

வேலப்பன் அந்த மீட்டருக்குக் கீழேதான் செத்து விழுந்து கிடந்தான். மெஷின் ஓடும்போதே பக்கத்துப் பெட்டியின் கம்பியைக் கழற்றினானாம். “நிறுத்திட்டுக் கழட்டுடான்னு தலையால அடிச்சிகினேன். கேக்கல” என்று மேஸ்திரி அன்றே மானேஜரிடம் சொன்னார். பாவம் பார்த்து அவன் பெண்டாட்டிக்குப் பெருக்குகிற வேலையும் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனசு.

“நாளத் திருப்பி சுத்துறான். செத்த அன்னிக்கு இருந்த நம்பர் வந்ததும் யாரையோ கூட்டிகினு பூடுவான்” என்றான் மெஷின் ஓட்டும் வேம்பு. அதன்பிறகு பட்டப்பகலில்கூட அந்த அறைப்பக்கம் யாரும் போகவில்லை. மேஸ்திரி கையில் தாயத்து ஏறியது.

குப்பம்மா மட்டும் தினமும் அந்த அறையைப் பெருக்கினாள். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வட்டையே பார்த்தபடி நிற்பாள். அதைப் பார்த்து மற்றவர்கள் அவளிடமிருந்தும் விலகி நடந்தார்கள்.

மேஸ்திரி நிறுத்தச் சொன்னது தெரிந்ததும், “ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு நான் எங்க சாமி போவேன்?” என்றாள்.

“கரன்ட் ஆபீஸ் ஆள் வந்து பார்க்கட்டும், அப்புறம் சொல்றேன்” என்றார் மானேஜர்.

கரன்ட் ஆபீஸிலிருந்து ரஷீது பாய் வந்தார். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மீட்டருக்குப் பக்கத்திலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். பெரிய கரன்டைச் சின்னதாக்கி மீட்டருக்கு அனுப்பும் பெட்டி அது. எவ்வளவு கரன்டுக்கு எந்தத் திருகாணி என்று வரிசையாக எழுதியிருந்தது.

“அளவு சரியாத்தான் கீது” என்று சொல்லிக்கொண்டே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தவர் நின்றுவிட்டார். “வெள்ளப் புள்ளி வச்ச பக்கம் செகப்புக் கம்பி வரணும். அத வச்சிதான் வட்டு எந்தப் பக்கம் சுத்தும்னு கணக்கு. இன்னா இது, ரெண்டு புள்ளி கீது?”

சிவப்புக் கம்பி இருந்த பக்கத்துப் புள்ளியை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

“சந்தனம். யாரு வச்சது?”

எல்லாரும் குப்பம்மாவைப் பார்த்தார்கள்.

“தாலி அறுத்தவ நானா சாமி, பூஜ சாமானத் தொடுவேன்? பூஜையன்னிக்கு கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன்.”

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “நான்தான் வச்சேன். பூஜைக்கு முன்னாடி கம்பியக் கழட்டித் தொடச்சேன். மறுநாள் புள்ளியப் பாத்துதான் மாட்டினேன்.”

“நெசப் புள்ளி பிசுக்குல மறஞ்சிகிச்சி. சந்தனத்தப் புள்ளின்னு நெனச்சி மாட்டிட்டீங்கோ” என்றபடி ரஷீது பாய் கம்பிகளை இடம் மாற்றினார். மெஷின்கள் கிளம்பின. வட்டு ஒரு தடவை தயங்கியது. அப்புறம் நேராகச் சுற்றியது.

“மெஷினு ஓடச்சொல்ல கம்பியக் கழட்டினா இந்தப் பொட்டி ஆளக் கொன்னுடும். நிறுத்திட்டுத்தானே கழட்டுனீங்கோ?” என்று கேட்டார் பாய்.

“எனக்குத் தெரியாதா பாய்? எல்லாத்தையும் நிறுத்தின பொறகுதான் கை வச்சேன்” என்ற மேஸ்திரி, மானேஜர் பக்கம் திரும்பினார். “ஆனாலும் இவ வேணாம் சார். இவ மூஞ்சியப் பாத்தா எனக்கு ராவுல தூக்கம் வரல.”

மானேஜருக்கு மேஸ்திரி வேண்டும். “சரிம்மா, நீ வேலைலேருந்து நின்னுக்கோ” என்றார்.

குப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“இந்த வேலைக்காவ ஆறு மாசம் வாயக் கட்டிகினு கெடந்தேன் மேஸ்திரி. ‘மெஷின நிறுத்தாத, ஓடச்சொல்லவே கழட்டு’ன்னு அன்னிக்கு நீ அவர வெரட்டினியே, நான் கஞ்சித் தூக்கோட இந்தக் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்.”