உச்சரிப்பு

“முதல்ல அந்தப் போட்டோவைக் கழட்டு!”

பேட்டரிக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி ஸ்டூலைத் தேடி ஓடினாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தாத்தா கட்டிலுக்கு அடியில் போனார். சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது. கடைக்காரரின் தம்பி சமையலறைக் காலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் தொங்கவிட்டான்.

“அண்ணே, அந்தப் பொண்ணு வந்து கேட்டா என்ன சொல்லப் போறே?”

“தெரியாதுன்னு சொல்லப் போறேன். வேற என்ன?”

அடுத்த வாரம் வீட்டை விற்கப் பத்திரப்பதிவு. இந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் போன் பண்ணியிருந்தார்.

“வெளிநாட்டுலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. ஆவணக் காப்பகத்துல உட்கார்ந்து பழைய கப்பல் பதிவையெல்லாம் புரட்டிக்கிட்டு இருக்கு. உங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் இருந்தாராமே, அவரோட கொள்ளுப்பேத்தியாம். உங்க வீட்டைக் கண்டுபிடிச்சிருச்சு. பங்குன்னு ஒரு வார்த்தை வந்தா வியாபாரம் படுத்துரும், பார்த்துக்கோங்க.”

தாத்தாவும் அவர் தம்பியும் பிழைப்புத் தேடி ஒரே கப்பலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியவர்கள். தாத்தா இங்கேயே வேர் பிடித்துவிட்டார். தம்பி கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இன்னொரு கப்பலேறி இன்னும் தூரமாகப் போனார். போனவர் போனவர்தான். ஒரு கடுதாசி கிடையாது. ‘அவனும் சேர்ந்து மண் சுமந்து கட்டின வீடு இது’ என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சுதான் இப்போது அண்ணன் தம்பி இருவரையும் போட்டோவைக் கழற்ற வைத்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். முப்பது வயசு இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

“வணக்கம். எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். வகுப்புக்குப் போய்ப் படிச்சேன். என் கொள்ளுத்தாத்தாவோட அண்ணா இந்த வீட்டுல இருந்தாங்கன்னு நினைக்கிறேன். நீங்க அந்தக் குடும்பமா?”

“இல்லம்மா. நாங்க வாடகைக்கு இருக்கோம்.” கொஞ்சமும் தடங்கல் இல்லாமல் வந்தது பேட்டரிக்கடைக்காரருக்கு.

“முன்னாடி இருந்தவங்க?”

“எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க!” உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான். “வாரிசே கிடையாது!”

கதவோரம் நின்ற மனைவி அந்தப் பெண்ணின் காதையே பார்த்தாள். கன்னத்தோடு ஒட்டின காது மடல். இந்த வீட்டில் அத்தனை பேருக்கும் அதே காது.

“தண்ணியாவது குடிச்சிட்டுப் போயேம்மா...” வாய்தவறி வந்துவிட்டது. கணவர் திரும்பி முறைத்தார்.

“வேண்டாங்க. தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க.”

படியிறங்கியவள் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“வந்துட்டா பாரு விஷயத்துக்கு,” என்று தம்பி முணுமுணுத்தான்.

“ஒரே ஒரு உதவி. இதைப் படிச்சுச் சொல்ல முடியுமா?”

உறையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினாள். கோணல்மாணலான இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர்.

“கப்பல் பதிவுல இருக்கிற என் கொள்ளுத்தாத்தா பேரு. எழுதினவருக்குத் தமிழ் தெரியாது போல. காதுல விழுந்த மாதிரி எழுதியிருக்காரு. எங்க தாத்தா கைக்குழந்தையா இருக்கும்போதே இவர் இறந்துட்டாரு. அதனால இந்தப் பேரை எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு விதமாச் சொல்லுவாங்க.”

உறையை மடக்கிப் பைக்குள் வைத்தாள்.

“எங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்கும்போது, ‘நாம சொல்றது சரிதானான்னு கேட்டுட்டு வா’ன்னு சொன்னார். அதுக்குள்ள அவரும் போயிட்டார். எப்படிச் சொல்றதுன்னு தெரிஞ்சா போதுங்க. வேற எதுக்கும் வரலை.”

பேட்டரிக்கடைக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உங்களுக்கும் தெரியலையா?”

“தெரியுது.”

தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார்.

அவள் திருப்பிச் சொன்னாள். தப்பாக வந்தது.

“நடுவுல அழுத்தாதே. நாக்கை இன்னும் கொஞ்சம் மடக்கணும்,” என்றார், தன்னையறியாமல்.

மறுபடி சொன்னாள். மறுபடியும். கடைசியில் சுத்தமாக வந்துவிட்டது. கண் கலங்கிப்போய்ச் சிரித்தாள்.

“இந்த ஊர்ல அவரை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க, பாவம். இனிமே நாங்களாவது சரியாச் சொல்லுவோம். ரொம்ப நன்றி சார். உங்க பேர் என்ன? யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு வீட்டுல கேப்பாங்க.”

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

தம்பி முந்திக்கொண்டு வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னான். அந்தப் பேரைச் சொல்லியே இன்னொரு தடவை நன்றி சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

“அப்பாடா! பங்கைப் பத்தி வாயே திறக்கலை!” தம்பி கதவைச் சாத்தினான். “என்னண்ணே, நிம்மதிதானே?”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவள் தெருவில் நடந்தாள். சாத்தின கதவைத் தாண்டியும் கேட்டது.

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எழுந்து போங்க. அந்தப் பொண்ணு உங்களைத்தான் கூப்பிடுது. காணாமப் போன தம்பியை இந்த வீட்டுல தினமும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்னுதானே தாத்தா அந்தப் பேரை உங்களுக்கு வச்சாரு?”